எந்தக் கணத்தின் பிம்பம்?

மாத்தளை மாவட்டத்தின் நில அமைப்பை ஒருமுறை சுற்றிப் பார்ப்பவர், தெற்கிலும் கிழக்கிலும் உக்குவளை, எல்கடுவ, இரத்தோட்டை, கம்மடுவ என்று நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச்செல்லும் தேயிலை மலைகளையும், அவற்றின் சாரலில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் செழித்து நிற்கும் தோட்டங்களையும், வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கமாகத் தாழ்ந்து விரியும் நெல்வயல்களையும் ஒரே எல்லைக்குள் காண்பார். மண்ணாலும் மழையாலும் இவை வேறுபட்டவையாயினும், இவற்றின் விளைபொருள் சந்தைக்குச் செல்லுமுன் எதிர்கொள்ளும் கடைசிப் பிரச்சினை ஒன்றேதான்: தேயிலையோடு கலந்த காம்பையும் நாரையும், மிளகோடு கலந்த பொக்கு மணியையும், அரிசியோடு கலந்த கறுத்த மணியையும் கல்லையும் இனங்கண்டு நீக்குவது எப்படி?

தேயிலையை எடுத்துக்கொள்வோம். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, சூட்டில் உலர்ந்து கருந்தேயிலையான பின்னர், இலைப்பகுதி கருநிறம் பெற, காம்பும் நாரும் செம்மை கலந்த பழுப்பாக வெளிறி நிற்கின்றன. மின்னேற்றம் பெற்ற உருளைகள் இலேசான நாரைக் கவர்ந்து இழுத்துவிடும். கனத்த காம்போ இலைத்துகளோடேயே தங்கிவிடும். அதனைப் பல தலைமுறைகளாகக் கையாற் பொறுக்கி அகற்றியவர்கள் தோட்டத்துப் பெண்கள். இன்று இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகளில் அப்பணியின் பெரும்பகுதியைக் ‘கலர் சோட்டர்’ என்று யாவரும் வழங்கும் யந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சரிந்த தகட்டில் வழுக்கிவரும் தேயிலை ஒரு மெல்லிய திரையாகக் கீழே விழ, முன்னும் பின்னும் நின்று நோக்கும் கமராக்கள் வெளிறிய துகளைக் கண்டு அறிவிக்க, சற்றுக் கீழே வரிசையாக அமைந்த காற்றுக்குழல்களுள் உரிய ஒன்று இமைப்பொழுது திறந்து அத்துகளை மாத்திரம் ஊதித் தள்ளிவிடுகிறது.

கமரா ‘காண்கிறது’ என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் காணப்படும் பொருள் ஒரு கணமும் நில்லாது விழுந்துகொண்டிருக்க, அதன் பிம்பம் எந்தக் கணத்திற்குரியது, அக்கணம் எவ்வளவு நீளமானது, பிம்பத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவைதாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையளிக்காத எந்தப் படமும் அளவைக்கு ஆதாரமாகாது. இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் உறுப்பே ஷட்டர். அசையும் பாகம் எதுவும் இன்றி, சிலிக்கன் சில்லின் உள்ளேயே அது தொழிற்படும் விதத்தை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கமாகும்.

ஷட்டர் செய்யும் காரியம்

ஒளியை அளந்து உள்ளே விடுவதற்கு மனிதன் கையாண்ட வழிகள் இரண்டு. வாயிலைத் திறந்து மூடுதல் ஒன்று. வாயிலைத் திறந்தே வைத்துவிட்டு, விளக்கை ஏற்றி அணைத்தல் மற்றொன்று. இரண்டாவது வழியின் பெருமையை 1851ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்போட் இலண்டன் ரோயல் நிறுவகத்தில் நிரூபித்துக் காட்டினார். டைம்ஸ் பத்திரிகையின் தாள் ஒன்றைச் சுழலும் சக்கரத்தில் ஒட்டி, இருட்டறையிலே லெய்டன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தை ஒரே பொறியாகப் பாய்ச்சி, அந்தப் பொறியின் ஒளியில் அவர் எடுத்த படத்தில், சுழன்றுகொண்டிருந்த தாளின் எழுத்துக்கள் வாசிக்கத்தக்கவாறு பதிந்திருந்தன. ஷட்டருக்கு எட்டாத வேகத்தை ஒளியின் சுருக்கம் எட்டியது. இந்த உபாயம் நூற்றெழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் தொழிற்சாலைக் கமராக்களிலே உயிரோடிருப்பதைப் பின்னர் காண்போம்.

முதலாவது வழியில் இலத்திரனியல் செய்த புரட்சி, வாயிலையே அகற்றிவிட்டமைதான். கமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஓர் ஒளி டயோடு. அதன்மீது விழும் ஒளி சிலிக்கனில் இலத்திரன்களை விடுவிக்க, அவை அங்குள்ள மின்னழுத்தக் குழியில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒளி வருவதை யாரும் தடுப்பதில்லை. எந்தக் கணத்திலிருந்து சேர்ந்தவற்றை எண்ணுவது, எந்தக் கணத்தோடு எண்ணுவதை நிறுத்துவது என்பவற்றை மட்டுமே மின்துடிப்புக்கள் நிர்ணயிக்கின்றன. முதலாவது துடிப்பு, அதுவரை சேர்ந்திருந்த இலத்திரன்கள் அனைத்தையும் வடித்துவிட்டுக் குழியை வெறுமையாக்குகிறது. இரண்டாவது துடிப்பு, அதன்பின் சேர்ந்தவற்றை வேறோர் இடத்துக்கு மாற்றி விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே ஒளிபடு காலம். உலோகத் தகடோ துணித்திரையோ அசைவதானால் செக்கனின் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவது கடினம். மின்துடிப்புக்களோ செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கையும் எளிதில் அளந்துவிடும். தேய்மானமில்லை, ஓசையில்லை, கோடிக்கணக்கான படங்களுக்குப் பின்னும் தளர்ச்சியில்லை.

ஒளிபடு காலம் எவ்வளவு குறுகியதாக இருக்கவேண்டும் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். விழும் தேயிலைத் துகள் கமராவின் முன்னே செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனின் நூறில் ஒரு பங்கில் அது 30 மில்லிமீற்றர் கடந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் அளவேயான துகள் அப்படத்திலே அரை விரல் நீளமுள்ள மங்கிய கீற்றாகிவிடும். ஒரு பிக்சல் 0.1 மில்லிமீற்றரை நோக்குமாயின், கலங்கல் ஒரு பிக்சலுக்குள் அடங்குவதற்கு ஒளிபடு காலம் ஏறக்குறைய 33 மைக்ரோசெக்கனுக்கு மேற்படலாகாது. ஆனால் காலத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோமோ, அத்தனை மடங்கு ஒளியைப் பெருக்கியாக வேண்டும். கலர் சோட்டரின் உள்ளறையில் கண்கூசும் ஒளி நிரம்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

சி.சி.டி. காட்டிய வழி

டிஜிட்டல் கமராவின் வம்சாவளி 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் வகுத்த சி.சி.டி. என்னும் சாதனத்தோடு தொடங்குகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசில் அவ்விருவருக்கும் பங்கு கிடைத்தது. மின்னேற்றப் பொதிகளைக் குழிக்குக் குழி கைமாற்றி, ஈற்றில் ஒரே வாயிலில் ஒவ்வொன்றாக அளப்பதே அதன் தத்துவம். தொழிற்சாலைகள் நெடுங்காலம் நம்பியிருந்த வகையில், ஒளி டயோடுகளின் ஒவ்வொரு நிரலுக்கும் அருகே, உலோகத்தால் மூடி ஒளியிலிருந்து மறைக்கப்பட்ட ஒரு கடத்தல் நிரல் அமைந்திருந்தது. ஒரு துடிப்பில் எல்லா டயோடுகளும் ஒருசேர வெறுமையாகும். மறு துடிப்பில் எல்லா மின்னேற்றங்களும் ஒருசேரப் பக்கத்து மறைவிடத்துக்குத் தாவும். அங்கிருந்து ஆறுதலாக வெளியே எடுத்துச் செல்லப்படும். ஆகவே படத்தின் அத்தனை பிக்சல்களும் ஒரே கணத்திற்குச் சாட்சியாயின. 1980இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தில் நொபுகாசு தெரனிஷி கண்டறிந்த டயோடு அமைப்பு, மின்னேற்றம் சிறிதும் மிச்சமின்றி முழுவதுமாக இடம்பெயர வழிசெய்தமையால், முந்திய படத்தின் சாயல் அடுத்த படத்தில் தங்கும் குறையும் நிவர்த்தியாயிற்று.

எனினும் அந்த மறைவிடம் பரிபூரணமான மறைவிடமன்று. பளிச்சிடும் ஒளிப்புள்ளி ஒன்று படத்தில் இருக்குமாயின், கடத்தல் நிரலின் வழியே இறங்கிச்செல்லும் மின்னேற்றங்களில் அதன் ஒளி சிறிது கசிந்து, மேலிருந்து கீழாக ஒரு வெண்கோட்டை வரைந்துவிடும். அன்றியும், எல்லா மின்னேற்றமும் ஒரே வாயிலால் வெளியேற வேண்டியிருந்தமையால் வேகத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது.

சிமொஸ் என்னும் மாற்று, 1990களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுகூடத்தில் எரிக் ஃபொசமும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்த வடிவில் உலகைப் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு பிக்சலினுள்ளும் ஒரு சிறு விரியலாக்கி அமைந்தது. ஒவ்வொரு நிரலின் அடியிலும் அளவையை எண்ணாக்கும் சுற்று அமைந்தது. கணனிச் சில்லுகளைச் செய்யும் அதே முறையில் இவற்றையும் மலிவாகச் செய்ய முடிந்தது. 2015இல் சொனி நிறுவனம் சி.சி.டி. உற்பத்தியைக் கைவிடும் தீர்மானத்தை வாடிக்கையாளருக்கு அறிவித்தபோது, தொழிற்சாலைக் கமராவின் எதிர்காலம் சிமொஸின் கையிலே என்பது ஐயமற உறுதியாயிற்று. ஆனால் சி.சி.டி.யில் கேளாமலே கிடைத்த ஒரு வரம், அதாவது எல்லாப் பிக்சலுக்கும் ஒரே கணம் என்பது, சிமொஸில் இயல்பாகக் கிடைக்கவில்லை.

மூன்று முறைகள்

இதன் காரணத்தை மலைநாட்டு வாசகர் நன்கறிந்த ஒரு காட்சியால் விளக்கலாம். மலையில் நூறு பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் தராசு ஒன்றே ஒன்று. ஒருவரது கூடையை நிறுத்த பின்னரே அடுத்தவரது கூடையை நிறுக்க முடியும். சம காலம் வேலை செய்தவர்கள் எவ்வளவு கொழுந்தெடுத்தார்கள் என்று அறிவதற்கு மூன்று ஏற்பாடுகள் செய்யலாம்.

முதலாவது ஏற்பாடு: நிறுக்கும் வரிசையிலேயே வேலையையும் தொடங்கச் செய்வது. முதலாமவர் ஏழு மணிக்கு, இரண்டாமவர் ஒரு நிமிடம் பிந்தி, மூன்றாமவர் இன்னும் ஒரு நிமிடம் பிந்தி என்று தொடங்கினால், ஒவ்வொருவரும் சரியாக ஒரே அளவு காலம் கொழுந்தெடுத்திருப்பர். தராசும் ஓய்வின்றி இயங்கும். எடைகள் நியாயமானவை, ஆனால் ஒவ்வொருவரது காலமும் வேறுவேறு பொழுதுக்குரியது. இடையில் மழை பெய்தால் அது சிலருடைய காலத்தில் முழுவதும் விழும், சிலருடையதில் விழவே விழாது. இதுவே ரோலிங் ஷட்டர்.

இரண்டாவது ஏற்பாடு: எல்லோரும் ஒரே மணிக்குத் தொடங்குவது; ஆனால் நிறுவைக்கு முறை வரும்வரை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டே இருப்பது. தொடக்கம் சமம், முடிவு சமமன்று, கடைசியில் நிற்பவரது கூடை மற்றவர்களுடையதைவிடக் கனத்திருக்கும். இதற்குக் குளோபல் ரீசெற் ரிலீஸ் என்று பெயர்.

மூன்றாவது ஏற்பாடு: எல்லோரும் ஒரே மணிக்குத் தொடங்கி, ஒரே மணிக்குக் கூடையைத் தத்தம் சாக்கில் கொட்டிக் கட்டிவிடுவது, பின்னர் சாக்குகளை வரிசையாக நிறுப்பது. தொடக்கமும் முடிவும் சமம். நிறுவை எவ்வளவு தாமதித்தாலும் கணக்கு பிழைப்பதில்லை. ஆனால் ஆளுக்கொரு சாக்கு வேண்டும். இதுவே குளோபல் ஷட்டர்.

இங்கே கொழுந்து இலத்திரன். கூடை ஒளி டயோடு. தராசு நிரலடியில் உள்ள எண்ணாக்கும் சுற்று. ஒவ்வொரு பெண்ணும் பிக்சல்களின் ஒரு நிரை. ஒரு நிரலின் பிக்சல்கள் யாவும் ஒரே சுற்றைப் பகிர்வதால், ஒரு கணத்தில் ஒரு நிரையைத்தான் வாசிக்க முடியும் என்பதே இத்தனைக்கும் மூலகாரணம்.

ரோலிங் ஷட்டரின் திரிபுகள்

ரோலிங் முறையில், வெறுமையாக்கும் துடிப்பு நிரை நிரையாகக் கீழிறங்கிச் செல்ல, ஒளிபடு காலம் அளவான இடைவெளியோடு வாசிக்கும் துடிப்பும் அதனைப் பின்தொடர்ந்து இறங்குகிறது. ஆயிரம் நிரைகள் உள்ள ஓர் உணரி, நிரையொன்றை வாசிக்க 10 மைக்ரோசெக்கன் எடுக்குமாயின், முதல் நிரைக்கும் கடைசி நிரைக்கும் இடையே 10 மில்லிசெக்கன் கடந்துவிடும். ஒளிபடு காலத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்த இடைவெளி குறையாது. கலங்கலற்று, விளிம்புகள் கூர்மையாகத் தோன்றும் ஒரு படம் வடிவத்தில் முற்றிலும் பொய்யாக இருக்கலாம் என்பது இதனாலேயே. கலங்கிய படம் தன் குறையைத் தானே அறிவித்துவிடுகிறது. கூர்மையான பொய்ப்படமோ அளப்பவரை அறியாமலே ஏமாற்றிவிடுகிறது.

கணக்கைச் சற்றுத் தொடர்வோம். மேற்கூறிய கமராவின் பார்வைப் பரப்பு 100 மில்லிமீற்றர் உயரமானால், வாசிப்பு அப்பரப்பின்மேல் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் இறங்குகிறது எனலாம். துகள் 3 மீற்றர் வேகத்தில் அதே திசையிலே விழும்போது, வாசிப்பு அதனைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால், 7 மில்லிமீற்றர் நீளமான காம்பு படத்தில் 10 மில்லிமீற்றராக நீண்டுவிடும். கமராவைத் தலைகீழாகப் பொருத்தி, வாசிப்பு மேல்நோக்கிச் செல்லும்படி செய்தால், அதே காம்பு 5.4 மில்லிமீற்றராகக் குறுகிவிடும். காம்பு ஒன்று, கமரா ஒன்று, பொருத்திய திசை மாறியதால் நீளம் ஏறக்குறைய இருமடங்கு வேறுபடுகிறது. நீளத்தைக் கொண்டு காம்பு எது, இலை எது என்று தீர்மானிக்கும் ஒரு கணனிக்கு இவ்வளவு திரிபு போதும், தீர்ப்பைப் புரட்டிவிடுவதற்கு.

பக்கவாட்டு அசைவில் திரிபு வேறு வடிவம் கொள்கிறது. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் செல்லும் பட்டியில் நிமிர்ந்து நிற்கும் 100 மில்லிமீற்றர் உயரத் தேயிலைப் பொதி, வாசிப்பு மேலிருந்து கீழ் வருவதற்குள் 10 மில்லிமீற்றர் நகர்ந்துவிடுவதால், படத்தில் அது சரிந்து நிற்கும். இது இலத்திரனியல் காலத்துக்கு மாத்திரம் உரிய விநோதமன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சின் ஜாக் ஆன்றி லார்ட்டிக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக்கார் படத்தில், சக்கரம் வட்டமாக இல்லாமல் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாகத் தோன்றுவது, படத்தட்டின் மேல் ஒரு பிளவு நகர்ந்து ஒளியைப் பகுதி பகுதியாக அனுமதித்ததன் விளைவே. ஓவியக் கண்ணுக்கு அது வேகத்தின் அழகு. அளவைக் கண்ணுக்கு அது பிழை.

இன்னொரு திரிபு விளக்கிலிருந்து வருகிறது. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 முழு அலைகள் கொண்ட ஆடலோட்டம். ஆகவே அதனால் நேரே இயங்கும் விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் இதை உணர்வதில்லை. ரோலிங் முறையிலோ, ஒரு நிரை ஒளி ஏறிய கணத்திலும் வேறொரு நிரை இறங்கிய கணத்திலும் பதிவதால், படத்தின் குறுக்கே கருமையும் வெண்மையுமான பட்டைகள் படிந்துவிடும். நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கும் யந்திரத்தில் கரும்பட்டைக்குள் விழுந்த காம்பு தேயிலையாகவும், வெண்பட்டைக்குள் விழுந்த தேயிலை காம்பாகவும் கணிக்கப்படும். ஒளிபடு காலத்தை 10 மில்லிசெக்கனாகவோ அதன் மடங்காகவோ வைத்தால் ஒவ்வொரு நிரையும் முழு அலையையும் பெற்றுப் பட்டை மறையும். ஆனால் விழும் துகளுக்கு அவ்வளவு நீண்ட காலத்தை அளிக்க முடியாது. எனவே நேரோட்டத்தில் இயங்கும் எல்.இ.டி. விளக்கே அங்கு தகுந்தது.

இவ்வளவு குறைகூறிய பின் ரோலிங் ஷட்டருக்குரிய நியாயத்தையும் சொல்லாவிடில் அநீதியாகும். பிக்சலில் வேறொரு சேமிப்பிடம் வேண்டாமையால் ஒளி டயோடுக்கு அதிக இடம் கிடைக்கிறது, இரைச்சல் குறைகிறது, அதே விலையில் அதிகப் பிக்சல்கள் கிடைக்கின்றன. மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற ஓர் இடத்தில், தட்டில் பரப்பி அசையாது கிடக்கும் மிளகு மணிகளின் நிறத்தையும் சுருக்கத்தையும் நுணுகி ஆராய வேண்டுமாயின், அதற்கு ரோலிங் ஷட்டரைவிடச் சிறந்த கருவி வேண்டியதில்லை. பொருள் அசையாதபோது, நிரைகளின் காலபேதம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

ஆளுக்கொரு சாக்கு

குளோபல் ஷட்டர் கொண்ட சிமொஸ் உணரியில், ஒவ்வொரு பிக்சலினுள்ளும் ஒளி டயோடுக்கு அருகே ஒளிபடாதவாறு மறைத்த ஒரு சேமிப்பிடம் அமைக்கப்படுகிறது. ஒளிபடு காலம் முடிந்த அக்கணமே எல்லாப் பிக்சல்களின் இலத்திரன்களும் ஒருசேர அங்கு மாற்றப்பட்டுத் தம் முறைக்காகக் காத்திருக்கின்றன. அவை காத்திருக்கும் வேளையிலேயே டயோடு அடுத்த படத்துக்காக ஒளியைச் சேர்க்கத் தொடங்கிவிடலாம் என்பது இதன் மற்றொரு அனுகூலம். பட்டியில் விரையும் பொதியின் முத்திரையை வாசிக்கவோ, சுழலும் யந்திரப் பாகத்தின் விளிம்பை அளக்கவோ, யந்திரக்கை ஒன்றுக்கு வழிகாட்டவோ இன்று விரும்பிக் கொள்ளப்படுவது இதுவே.

ஆனால் இதற்கும் விலையுண்டு. சேமிப்பிடம் டயோடின் பரப்பில் பங்கு கேட்கிறது, பிக்சல் சிக்கலாகிறது, உற்பத்திச் செலவு ஏறுகிறது. மறைவிடம் என்று சொன்னோமேயன்றி, அதற்குள்ளும் ஒளி நுட்பமாகக் கசிகிறது. முதலில் வாசிக்கப்படும் நிரை சொற்ப நேரமே காத்திருக்க, கடைசி நிரை மில்லிசெக்கன் கணக்கில் காத்திருப்பதால், கசிவு அதனை அதிகம் பாதிக்கிறது. ஒளிபடு காலம் மிகக் குறுகியதாகவும் சூழல் ஒளி மிகக் கடுமையாகவும் இருந்தால், படத்தின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று வெளுத்துக் காட்டும். ஒளிபடு காலம் முடிந்தவுடன் விளக்கையும் அணைத்துவிடுவது இதற்குரிய நேரிய பரிகாரம்.

குளோபல் ஷட்டர் வாங்கிவிட்டால் அசைவினால் வரும் கேடுகள் யாவும் தீர்ந்தன என்ற அபிப்பிராயம் பரவலாக உண்டு. அது சரியன்று. குளோபல் ஷட்டர் வடிவத் திரிபை மாத்திரமே நீக்கும். ஒளிபடு காலம் நீண்டிருந்தால் கலங்கல் அப்படியே இருக்கும். நிரைகள் ஒரே கணத்தைச் சேர்ந்தவையா என்பது வேறு, அக்கணம் போதிய அளவு குறுகியதா என்பது வேறு. இவ்விரண்டையும் தனித்தனியே நிர்ணயிக்க வேண்டும்.

இருட்டும் பொறியும்

குளோபல் ரீசெற் ரிலீஸ் என்ற இடைவழி, சேமிப்பிடமில்லாத மலிவான உணரியைக் கொண்டே அசையும் பொருளைப் படமெடுக்க உதவுகிறது. எல்லா நிரைகளும் ஒருசேர வெறுமையாக்கப்பட்டு ஒளி சேர்க்கத் தொடங்குகின்றன. அவற்றின் முடிவுகள்தாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்படியே விட்டால் கீழ் நிரைகள் அதிக ஒளி பெற்று வெளுத்துவிடும் என்பதை முன்னர் கண்டோம். ஆயின் கமராவும் பொருளும் இருண்ட பெட்டிக்குள் அடைபட்டிருந்து, எல்லா நிரைகளும் விழித்திருக்கும் ஆரம்ப வேளையில், 50 மைக்ரோசெக்கன் மாத்திரம் ஒரு விளக்கு மின்னி அணையுமானால், அதன்பின் எந்த நிரை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்குக் கிடைப்பது இருட்டே. எல்லா நிரைகளும் அந்த ஒரே மின்னலையே பதிந்துகொள்கின்றன. காலத்தை அளப்பது உணரியன்று, விளக்கே. டல்போட் கண்ட உபாயம் இதுதான். பெட்டியின் கதவிடுக்கால் வெளியொளி நுழையாமலிருக்கும்வரை அது பழுதின்றி வேலை செய்யும். நுழைந்தால், படத்தின் அடியில் வெளுப்பும், அசையும் பொருளுக்குப் பின்னே ஒரு நிழலுருவும் உடனே தோன்றிவிடும்.

ஒரே நிரை

கலர் சோட்டர் இம்மூன்றில் எதையும் அப்படியே கொள்வதில்லை. அதன் கமராவில் பிக்சல்கள் பெரும்பாலும் ஒரே நிரையாக அமைந்திருக்கும். நிரை ஒன்றேயாகும்போது, நிரைகளுக்கிடையிலான காலபேதம் என்ற பிரச்சினையே எழுவதில்லை. விழும் தேயிலைத் திரையின் குறுக்கே ஒரு மெல்லிய கோட்டை மட்டும் அது நோக்கிக்கொண்டிருக்க, தேயிலை தன் வீழ்ச்சியாலேயே அக்கோட்டைக் கடந்து சென்று, படத்தின் நீளத்தைத் தானே வரைகிறது. செக்கனுக்கு 10,000 முறை அந்நிரை வாசிக்கப்படுமாயின், 3 மீற்றர் வேகத்தில் விழும் துகள் வாசிப்புக்கு வாசிப்பு 0.3 மில்லிமீற்றர் நகரும். ஒரு மில்லிமீற்றர் துகள் மூன்று நான்கு கோடுகளாகப் பதியும். 7 மில்லிமீற்றர் காம்பு இருபதுக்கு மேற்பட்ட கோடுகளாகப் பதியும்.

இம்முறையில் வேகத்தின் உண்மையே படத்தின் உண்மை. சரிவுத் தகட்டில் தேயிலைப் பசை படிந்து துகள்கள் மெதுவாக இறங்கினால், அவை படத்திலே நீண்டுவிடும். ஈரப்பதம் குறைந்து தகடு வழவழப்பாக இருந்தால் குறுகிவிடும். தகட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருத்தல் என்னும் சாதாரணத் தொழிற்சாலை ஒழுங்கு, ஒளியியல் அளவையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுவது இப்படித்தான்.

கண்ட பின்னரும் காலம் விடுவதில்லை. காற்றுக்குழல் பார்வைக் கோட்டுக்கு 15 சென்றிமீற்றர் கீழே இருக்குமாயின், 3 மீற்றர் வேகத்தில் வந்து, புவியீர்ப்பால் மேலும் விரைவு பெறும் துகள் அங்கு சேர 50 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரமே எடுக்கும். அதற்குள் ஒளி எண்ணாகி, எண் தீர்ப்பாகி, தீர்ப்பு வால்வைத் திறக்கும் கட்டளையாக வேண்டும். அக்கட்டளை 5 மில்லிசெக்கன் பிசகினால், காற்று 15 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி வீசி, காம்பைத் தப்பவிட்டு நல்ல தேயிலையைத் தள்ளிவிடும். படம் எந்தக் கணத்திற்குரியது என்று கமராவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால் மட்டுமே, துகள் எந்தக் கணத்தில் எங்கிருக்கும் என்று வால்வுக்குச் சொல்ல முடியும்.

தெரிவு யாருடையது?

ஆகவே இலத்திரனியல் ஷட்டரின் வகைகளுள் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். அசையாத மாதிரிக்கு ரோலிங். ஓடும் பொதிக்குக் குளோபல். இருட்டுப் பெட்டியும் மின்னும் விளக்கும் அமைக்க முடிந்த இடத்துக்குக் குளோபல் ரீசெற். ஓயாது விழும் தாரைக்கு ஒற்றை நிரை. பொருள் எவ்வளவு வேகமாக நகர்கிறது, எத்திசையில் நகர்கிறது, அதன் எவ்வளவு சிறிய பகுதியைப் பிரித்தறிய வேண்டும், ஒளியை எவ்வளவு கூட்ட முடியும் என்ற நான்கையும் முதலில் அளந்துகொண்டவர்க்கு விடை தானே புலப்படும்.

இந்த நான்கு கேள்விகளையும் கேட்பதற்கு வேண்டிய கல்வி, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த ஒரு பாடசாலை மாணவனுக்கு எட்டாததன்று. ஆயினும் யந்திரம் வந்து இறங்கும்போது, அதனை இயக்கும் பொத்தான்கள் மாத்திரம் நம்மவர் கைக்கு வருகின்றன. அதன் பின்னுள்ள நியாயம் வருவதில்லை. தகட்டின் சரிவு மாறியபோது படம் ஏன் மாறியது, விளக்கை மாற்றியபோது நல்ல தேயிலை ஏன் வெளியே வீசப்படுகிறது என்று புரியாமல், தொலைவிலிருந்து வரும் திருத்துநருக்காகக் காத்திருக்கும் நிலை, அறிவு இல்லாமையால் அல்ல, அறிவு நம் மொழியில் சொல்லப்படாமையால் நேர்ந்தது. காம்பு பொறுக்கிய பெண்களின் கண்ணில் இருந்த விவேகம் எந்த யந்திரத்துக்கும் குறைந்ததன்று. அவர்களுடைய பிள்ளைகள் அந்த யந்திரத்தைத் துடைப்பவர்களாக மாத்திரம் நின்றுவிடாமல், அதன் காலக்கணக்கைத் திருத்துபவர்களாகவும், நாளை அதனை வகுப்பவர்களாகவும் உயர வேண்டும் என்பதே இவ்வளவையும் விரித்து எழுதியதன் பிரயோசனம்.

ஷட்டர் காலத்தை வரையறுக்கிறது. அக்காலத்துக்குள் எந்த நிற ஒளியை, எத்திசையிலிருந்து, எவ்வளவு பாய்ச்சினால் கருந்தேயிலையும் செம்பழுப்புக் காம்பும் மிகத் தெளிவாக வேறுபட்டுத் தோன்றும் என்பது அடுத்து எழும் வினா. அதனை அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.